பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர்

லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர். நண்பரின் பழைய பாய்மரப் படகுக்கு வயர் வாங்க அங்கேதான் போவோம். படகில் ஜிபிஎஸ் ஒரு கம்பெனி, ஆழமானி இன்னொரு கம்பெனி, தானியங்கிச் சுக்கான் வேறொன்று. மூன்றும் பேசிக்கொள்ளுமா? கொள்ளும்.

காரணம், அமெரிக்கக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983இல் கொண்டுவந்த என்எம்இஏ 0183. அதில் தகவலுக்குப் பெயரே 'வாக்கியம்'. டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிந்து, 82 எழுத்துக்குள் முடிந்துவிடும். வேகம் நொடிக்கு வெறும் 4800 பிட். ஒரு கம்பியில் பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். ரெண்டு பேர் பேசணும்னா நடுவில் மல்டிபிளெக்சர் வேண்டும். அது வரிசைப்படுத்தி அனுப்பும்.

தமிழுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒருவர் அனுப்பிய மடல் அடுத்தவர் திரையில் கிறுக்கல். பொதுக் குறியீடு பற்றிப் பேச 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. முன்னின்றவர்களில் ஒருவர் நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1999இல் மறைந்தார். பிறகு யூனிகோட் நிலைத்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. 0183 வாக்கியம் சாதாரண ஆஸ்கி எழுத்து. என்எம்இஏ 2000 வந்த பின்னும், பழைய ஜிபிஎஸ்ஸை லேப்டாப்பில் மாட்டினால் கண்ணாலேயே வாசிக்கலாம். பழைய எழுத்துருவில் தட்டிய கதையோ, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் குப்பை. படகுக்கு வயர் போதும். அந்தக் கோப்புகளை யாராவது உட்கார்ந்து மாற்றியாக வேண்டும், குறியீடு தெரிந்தவர்கள் இருக்கும்போதே.