காசு கொடுத்துக் கயிறு இழுத்தவர்கள்

ஐரோப்பாவில் இப்படி ஒரு சுற்றுலா இருக்கிறது. பழைய பாணிப் பாய்மரக் கப்பலில் நாலு நாளோ ஒரு வாரமோ போகலாம். அதற்குப் பணம் கட்டணும். கட்டிவிட்டோமே என்று சாய்வு நாற்காலியில் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ராத்திரி நடுச்சாமத்தில் எழுப்பி விடுவார்கள். எழுந்து போய் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கணும், கயிறு இழுக்கணும், விடிந்ததும் தளம் கழுவணும், சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவணும். தைரியம் இருந்தால் பாய்மரத்தில் ஏறிப் பாயைச் சுருட்டிக் கட்டலாம். இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கப்பல்காரன் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை நாம் காசு கொடுத்துச் செய்வதா?

கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். இந்தத் தலைகீழ்க் கணக்கை இன்றைய சுற்றுலாக் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. உலகின் கடைசிப் பெரிய பாய்மரச் சரக்குக் கப்பல்கள் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததே ஓரளவு இந்தக் கணக்கால்தான்.

பின்லாந்துக்குச் சொந்தமான ஓலண்ட் தீவுகளில் மாரியஹாம்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குஸ்தாவ் எரிக்சன் என்று ஒரு கப்பல் முதலாளி இருந்தார் (1872–1947). முதல் உலகப் போருக்குப் பிறகு உலகம் முழுக்க நீராவிக் கப்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட நாலு மரக் கப்பல்களை இந்த மனுஷர் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டார். ஊரில் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் போர்ட் விக்டோரியா, போர்ட் ஜெர்மீன் மாதிரி சின்னச் சின்னத் துறைகள். அங்கே கோதுமை மூட்டைகளை மெதுவாகத்தான் ஏற்ற முடியும். வாரக்கணக்கில் காத்துக் கிடந்தாலும் பாய்மரக் கப்பலுக்குக் கரிச் செலவு இல்லை. கோதுமையும் பொறுமையான சரக்கு, சட்டென்று கெட்டுப்போகாது. அதை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் முனையான ஹார்ன் முனையைச் சுற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுவருவார்கள்.

மிச்சம் பிடித்தது எதிலெல்லாம் என்று பார்த்தால், முதலில் காப்பீடு. கப்பலின் உடற்பகுதிக்கு எரிக்சன் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. அடுத்தது ஆள் கூலி. அந்தக் காலத்தில் பின்லாந்து, ஜெர்மனி மாதிரி நாடுகளில் கப்பல் அதிகாரியாகச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் இத்தனை மாதம் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பாய்மரக் கப்பலோ அருகிப்போய்விட்டது. ஆகவே பையன்கள் எரிக்சன் வாசலில் வந்து நின்றார்கள், கையில் பணத்தோடு. பயிற்சிக்கு என்று ஒரு தொகை கட்டி, சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். மூவாயிரம் டன் கப்பலை முப்பது பேர் போல வைத்து ஓட்டினார்கள், அதில் பாதிக்கு மேல் மீசை முளைக்காத பையன்கள்.

இவர்களோடு இன்னொரு வகையும் வந்து சேர்ந்தது. சான்றிதழும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரு தடவை போய்ப் பார்க்கணும் என்கிற வகை. எரிக் நியூபி அந்த வகை. லண்டனில் விளம்பரக் கம்பெனி வேலை, வயது 18. 50 பவுன் கட்டி 1938 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட்டில் 'மோஷுலு' கப்பலில் ஏறினார். ஏறிய அன்றே, காலில் வழுக்குகிற சப்பாத்தோடு, மரத்தின் உச்சிவரை ஏறச் சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ 60 மீட்டர். நம்மூர்க் கணக்கில் இருபது மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கயிற்று ஏணியில். அந்தப் பயணத்தை அவர் பின்னால் புத்தகமாக எழுதியது 1956இல். சாகசத்தைவிடத் துரு சுரண்டுகிற வேலைதான் அதில் என் மனசில் நின்றது. இரும்புக் கப்பலாச்சே, துருவுக்கு முடிவே கிடையாது. மோஷுலு 1939இல் 91 நாளில் வந்து சேர்ந்து, அந்த ஆண்டின் கோதுமைக் கப்பல்களில் முதலிடம் பிடித்தது. சில மாதத்தில் போர் வந்துவிட்டது. அந்தக் கப்பல் இப்போது அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா கரையோரம் உணவகமாக நிற்கிறது.

வேலையே செய்யாத பயணிகளும் உண்டு. எரிக்சன் 1932இல் 'லாவனீர்' என்ற கப்பலை வாங்கினார். அது பெல்ஜியத்தின் பழைய பயிற்சிக் கப்பல், 1908இல் கட்டியது. மாணவர்கள் தங்குவதற்கு அறைகள் நிறைய இருந்ததால் அதில் பயணிகளை ஏற்றினார். ஆஸ்திரேலிய இசையமைப்பாளர் பெர்சி கிரெயிஞ்சரும் அவர் மனைவியும் 1933இல் கோபன்ஹேகனில் ஏறி நூறு நாளுக்கு மேல் கடலில் இருந்து ஆஸ்திரேலியா போனது இதில்தான். நிம்மதியாக உட்கார்ந்து எழுதுவதற்கு வேறெங்கே அப்படி ஓர் இடம் கிடைக்கும்!

அதே கப்பலை எரிக்சன் 1937இல் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு விற்றார். 'அட்மிரல் கார்ப்ஃபாங்கர்' என்று பெயர் மாற்றிப் பயிற்சி மாணவர்களை ஏற்றினார்கள். 1938 பிப்ரவரியில் போர்ட் ஜெர்மீனில் கோதுமையோடு கிளம்பியது. வந்து சேரவே இல்லை. கப்பலில் 60 பேர், பெரும்பாலோர் மாணவர்கள். ஹார்ன் முனைப் பக்கம் கப்பலின் சில துண்டுகள்தான் கிடைத்தன. நியூபி பெல்ஃபாஸ்ட்டில் ஏறியது இது நடந்து எட்டே மாதத்தில். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, ஆரம்பத்தில் வந்த சிரிப்பு எனக்குப் போய்விட்டது.

சரக்கை அறவே விட்டுவிட்டு, கயிறு இழுக்கும் அனுபவத்தை மட்டுமே விற்கலாம் என்று நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் இர்விங் ஜான்சன். சின்ன வயசில் கடலுக்குப் போகப் பயிற்சி என்று தந்திக் கம்பத்தின் உச்சியில் ஏறித் தலைகீழாக நின்றவர். 1929இல் 'பீகிங்' என்ற நாலு மரக் கப்பலில் ஹார்ன் முனையைச் சுற்றியபோது, புயலில் அலை தளத்தின் மேல் ஏறிப் போவதைப் படமாக எடுத்து வைத்தார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கலாம், பாருங்கள். 1933இல் அவரும் மனைவி எக்ஸியும் 'யாங்கி' என்ற கப்பலில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். கூட வந்த இளைஞர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், அவர்களேதான் மாலுமிகளும். ஒரு சுற்றுக்கு 18 மாதம். 1958 வரைக்கும் இரண்டு 'யாங்கி' கப்பல்களில் ஏழு சுற்று. இன்றைய பாய்மரச் சுற்றுலாவின் நேரான தாத்தா என்று நான் இவரைத்தான் சொல்வேன், எரிக்சனை அல்ல.

குளோஸ்டர் என்றதும் இலங்கைத் தமிழர் சிலருக்கு வேறொரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய 'அன்னபூரணி'. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவி பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு 1938இல் போய்ச் சேர்ந்தது இதே குளோஸ்டர் துறைமுகத்துக்குத்தான். ஒரே பத்தாண்டுக்குள் ஒரே துறையில் இரண்டு விதமான ஆட்கள் கயிறு பிடித்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் அந்த அனுபவத்துக்காகப் பணம் கட்டியது. இன்னொரு கூட்டத்துக்கு அதுதான் பிழைப்பு. வல்வெட்டித்துறைத் தண்டையல் யாரிடமாவது போய், "ஐயா, இதுக்கு அங்கை காசு கட்டி வாறாங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்கிறேன்.

போருக்குப் பிறகு சரக்குக் காலம் சீக்கிரம் முடிந்தது. 'பமீர்', 'பாசாட்' இரண்டும் 1949இல் கடைசிக் கோதுமையைக் கொண்டுவந்தன. 1957 செப்டம்பரில், பயிற்சிக் கப்பலாகிவிட்ட பமீர் அட்லாண்டிக் சூறாவளியில் கவிழ்ந்தது. 86 பேரில் 80 பேர் போய்விட்டார்கள். 1984 ஜூனில் 'மார்க்கஸ்' என்ற கப்பல், பாய்மரக் கப்பல்களின் பந்தயம் ஒன்றில், பெர்முடாவுக்கு வடக்கே ஒரு நிமிஷத்துக்குள் மூழ்கியது. 28 பேரில் 19 பேர் இறந்தார்கள். 1917இல் ஸ்பெயினில் சரக்குக்காகக் கட்டிய மரக் கப்பல் அது. டார்வின் பற்றிய பிபிசி தொடரில் 'பீகிள்' ஆக நடித்தது. அழகான கப்பல். ஆனால் சரக்குக் கப்பலாகக் கட்டியதன் மேல், படத்துக்காகவும் பயணத்துக்காகவும் மரமும் பாயும் கூட்டினால், அது எவ்வளவு சாய்ந்தால் திரும்ப நிமிரும் என்ற கணக்கே மாறிவிடும். மார்க்கஸுக்குப் பிறகுதான் பிரிட்டனில் பயிற்சிப் பாய்மரக் கப்பல்களின் சமநிலை விதிகள் இறுகின. இன்று ஒருவர் பணம் கட்டி ஏறும்போது கையில் தருகிற இடுப்புப் பட்டை, கொக்கி, மரத்தில் ஏறும் முன் அரை மணி நேரப் பாடம் எல்லாம் சலிப்பாகத் தெரியலாம். நியூபிக்கு அதெல்லாம் கிடையாது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1986இல் பிரிட்டனில் 'லார்ட் நெல்சன்' என்ற மூன்று மரக் கப்பல் ஓடத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஏறக்குறையச் சரிபாதி, சேர்ந்தே கப்பலை ஓட்ட வேண்டும் என்று அதை வடிவமைத்தார்கள். பார்வையில்லாதவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி, சக்கர நாற்காலிக்கு லிஃப்ட். நாற்காலியோடு ஆளைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேலே இழுப்பார்கள், இழுப்பவர்களும் காசு கட்டி வந்தவர்கள்தான். வடிவமைத்தவர் காலின் மூடி. நம் கடற்படையின் 'தரங்கிணி' பயிற்சிக் கப்பலும் அவர் வரைந்ததுதான், கோவாவில் கட்டியது.

அடுத்த கப்பல் 'டெனேஷியஸ்' முழுக்க மரம், 2000இல் கடலில் இறங்கியது. சவுதாம்ப்டனில் அதைக் கட்டும்போதே விடுமுறைக்கு என்று ஜனங்கள் வந்தார்கள். பணம் கட்டி, ஒரு வாரம் தங்கி, மரம் இழைத்து, பசை பூசி, பலகை பொருத்திவிட்டுப் போனார்கள். தச்சர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். அவர்களிலும் மாற்றுத்திறனாளிகள் உண்டு. கப்பல் இன்னும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, அதற்குள் வேலை செய்யக் காசு கட்டியாயிற்று!

அந்த அறக்கட்டளையின் பயணங்கள் 2023இல் பணமில்லாமல் நின்றுபோயின. எரிக்சனுக்காவது ஆஸ்திரேலியக் கோதுமை இருந்தது. இவர்களுக்கு வந்து ஏறுகிறவர்கள் கொடுக்கும் பணமும் நன்கொடையும்தான்.