நீ எந்த ஊர் ஆள்?

இங்கிலாந்தில் வீடிழந்து கவுன்சில் அலுவலகத்தில் போய் நின்றால் ஒரு கேள்வி தயாராக இருக்கும். உங்களுக்கு இங்கே 'லோக்கல் கனெக்ஷன்' இருக்கிறதா? நம்ம பாஷையில் சொன்னால், நீ எந்த ஊர் ஆள்? ஏதோ கம்ப்யூட்டர் காலத்து அலுவலக வார்த்தை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு வயசு 360-க்கு மேல். அதன் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1601-இல், ஏழைகளுக்கான சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு பாரிஷும் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்) தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஊர்க்காரர்களிடம் வரி வசூலிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தன் ஏழை' யார்? வரி கட்டுகிறவன் கேட்கத்தானே செய்வான்.

அதற்குப் பதில் 1662-இல் வந்த 'செட்டில்மென்ட்' சட்டம். வேறு ஊரிலிருந்து வந்து, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகை வீட்டில் குடியேறும் எவரையும், 40 நாளுக்குள் புகார் போனால், சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். அவர் பிச்சை எடுத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கு எடுக்கக்கூடும் என்ற சந்தேகமே போதும்!

இதன் விளைவுகளைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஒரு வருஷம் முழுதாக வேலை பார்த்த பண்ணையாளுக்கு அந்த ஊர் உரிமை வந்துவிடும். அதனால் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள் எஜமானர்கள். (நம்மூரில் காண்ட்ராக்ட் வேலையை நிரந்தரம் ஆக்காமலிருக்க நடுவில் ஒரு நாள் 'பிரேக்' கொடுக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா.) கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை பிறந்த ஊருக்குச் சொந்தம் என்று சட்டம். ஆகவே நிறைமாதக் கர்ப்பிணிகளை ஊர் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட அதிகாரிகள் அலைந்தார்கள். 1697-இல் இன்னொரு படி: உதவி வாங்குகிறவர்கள் தோளில் 'பி' என்ற எழுத்தும் ஊரின் முதல் எழுத்தும் பொறித்த சிவப்பு அல்லது நீலத் துணியைத் தைத்துக்கொள்ள வேண்டும். ஆடம் ஸ்மித் தன் 1776-ஆம் வருடத்துப் புத்தகத்தில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகவே திட்டியிருக்கிறார். உதவி கேட்டு வந்தால் தவிர யாரையும் துரத்தக் கூடாது என்று மாற்ற 1795 வரை ஆனது.

1834-இல் வொர்க்ஹவுஸ் காலம். பல பாரிஷ்களைச் சேர்த்து ஒரு யூனியன், யூனியனுக்கு ஒரு பெரிய கட்டிடம். உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே உள்ள மிக ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிடக் கேவலமாக இருக்க வேண்டும் என்பது வெளிப்படையான கொள்கை. கணவன், மனைவி, குழந்தை எல்லாம் தனித்தனிப் பிரிவு. ஆண்டோவர் என்ற ஊரில் உரத்துக்காக எலும்பு நொறுக்கக் கொடுத்த ஆட்கள், பசி தாங்காமல் அந்த எலும்பையே கடித்துத் தின்றது 1845-இல் வெளியே வந்து நாடே நாறியது. லண்டன் கென்னிங்டனில் லாம்பெத் வொர்க்ஹவுஸின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. சின்ன வயதில் சார்லி சாப்ளினைக் கொண்டுபோய் விட்ட இடம். இப்போது அங்கே சினிமா அருங்காட்சியகம்!

ஊரே இல்லாத நாடோடிகளுக்கு அதே கட்டிடத்தில் ஒரு மூலை, 'கேஷுவல் வார்டு'. ராத்திரி படுக்க இடம், காலையில் கல் உடைக்க வேண்டும், அல்லது பழைய கப்பல் கயிற்றைப் பிரிக்க வேண்டும். மாசத்தில் ஒரு தடவைக்கு மேல் அதே இடத்துக்குத் திரும்பி வரவும் கூடாது. ஆகவே நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஜாக் லண்டன் 1902-இலும், ஜார்ஜ் ஆர்வெல் பிறகும் வேஷம் போட்டு உள்ளே போய் எழுதியதால்தான் இவ்வளவு விவரமாகத் தெரிகிறது. சரி, வார்டுக்கும் போகாமல் தெருவிலேயே படுத்தால்? அதற்கு 1824-இன் நாடோடிச் சட்டம், ஜெயில்.

1948-இல் பழைய ஏழைச் சட்டத்தை மொத்தமாக ஒழித்தார்கள். ஆனால் வீடு இழந்தவர்களுக்கு வந்தது அரைகுறை ஏற்பாடு. முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத அவசரம் என்றால் மட்டும் தற்காலிக இடம். தீ, வெள்ளம் போன்றவற்றை நினைத்து எழுதியது. வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்ட குடும்பத்தை அது எதிர்பார்க்கவே இல்லை. கட்டிடங்களும் பல இடங்களில் அதே பழைய வொர்க்ஹவுஸ்கள்தான், பெயர்ப்பலகைதான் புதுசு.

கென்ட் கவுன்ட்டி நடத்திய கிங் ஹில் விடுதியில் மனைவி, குழந்தைகளுக்கு மட்டுமே இடம். புருஷன் ராத்திரி தங்கக் கூடாது. 1965-இல் புருஷன்மார்கள் 'போக மாட்டோம்' என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கவுன்சில் கோர்ட்டுக்குப் போனது. பெண்டாட்டி பிள்ளைகளோடு படுத்த குற்றத்துக்காகச் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள்! அடுத்த வருஷம், 1966 நவம்பர் 16 அன்று, பிபிசியில் கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' ஒளிபரப்பானது. ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் படத்தால் உடனே சட்டம் மாறியது என்று பலர் சொல்வார்கள். உடனே எங்கே? 11 வருஷம் ஆனது.

1977-இல் ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம்தான் பெரிய திருப்பம். வீடில்லாதவருக்கு வீடு தர வேண்டியது உள்ளூர்க் கவுன்சிலின் கடமை என்று முதன்முதலாகச் சொன்னது. ஆனால் விவாதத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. சோம்பேறிகள் வரிசையை முந்துவார்கள் என்ற பயம். அதனால் கதவுக்குக் கதவு பூட்டு. நிஜமாகவே வீடு இல்லையா? குழந்தை, கர்ப்பம், முதுமை, நோய் மாதிரி முன்னுரிமைக் காரணம் உண்டா? நீயாக வீட்டை விட்டாயா? கடைசியாக, எந்த ஊர்? 1662 பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்றுதான் சொல்வேன். ஒரு நல்ல விதிவிலக்கும் இருந்தது. அடி உதைக்குப் பயந்து ஓடி வந்த பெண்ணை அந்த ஊருக்கே திருப்பி அனுப்ப முடியாது.

ஹீத்ரோ விமான நிலையம் இருப்பது ஹில்லிங்டன் கவுன்சிலின் எல்லைக்குள். விமானத்திலிருந்து இறங்குகிறவர்களெல்லாம் எங்கள் தலையிலா என்பது அவர்கள் புலம்பல். 1978-இல், கென்யாவிலிருந்து வந்த ஓர் ஆசியக் குடும்பத்தை டாக்சியில் ஏற்றி வெளியுறவு அமைச்சக வாசலில் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ, இப்போது டாக்சி.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தோடு போயிருக்கும். ஆனால் 2009-இல் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணருக்கு மொழிபெயர்க்க ஒரு கவுன்சில் அலுவலகத்துக்குக் கூடப் போயிருந்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் வீட்டை விற்கிறேன் என்று இரண்டு மாச நோட்டீஸ் கொடுத்துவிட்டார். அங்கே இருந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: கோர்ட் ஆள் வந்து வெளியேற்றும் வரை வீட்டிலேயே இருங்கள், இப்போதே போனால் நீங்களாக விட்ட கணக்கு. அடுத்து ஐந்து வருஷ விலாசம். கடந்த 12 மாசத்தில் 6 மாசம், அல்லது 5 வருஷத்தில் 3 வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது கவுன்சில்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு. அண்ணர் இந்த எல்லைக்குள் வந்து நாலு மாசம்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்சில், அங்கேதான் முன்பு இருந்தார்.

"தம்பி, நான் எந்த ஊர் எண்டு கேட்டா புங்குடுதீவு எண்டுதான் சொல்லுவன். ரோட்டுக்கு அங்கால ஒரு ஊர், இங்கால ஒரு ஊரோ?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கோர்ட் ஆள் வந்த அன்று நாலு பேருக்கும் ஒரே அறை கொடுத்தார்கள். பிறகு இரண்டு கவுன்சிலும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன. கடைசியில் பழைய கவுன்சில்தான் ஏற்றுக்கொண்டது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கையில் கொடுக்க வீடே இல்லை, கேள்விகள் மட்டும்தான் இருந்தன.

ஏன் இல்லை? 1980-இன் சட்டப்படி வாடகைக்கு இருந்தவர்களுக்கே கவுன்சில் வீடுகளைத் தள்ளுபடி விலையில் விற்றார்கள். விற்ற அளவுக்குக் கட்டவில்லை. 1988 சட்டம், காரணமே சொல்லாமல் இரண்டு மாச நோட்டீஸில் குடித்தனக்காரரை அனுப்பும் வசதியை வீட்டுக்காரர்களுக்குத் தந்தது. வீடிழப்புக்குத் தலையாய காரணங்களில் ஒன்றாக அது ஆனது. அதை ஒழிக்கும் சட்டம் 2025-இல்தான் நிறைவேறியது.

வெஸ்ட்மின்ஸ்டர் கதை இன்னும் மோசம். 1987 முதல் ஷெர்லி போர்ட்டர் தலைமையில், தேர்தலில் இழுபறியான வார்டுகளில் தமக்கு ஓட்டுப் போடக்கூடியவர்களைக் குடியேற்ற வீடுகளை விற்றார்கள். வீடில்லாதவர்களை அந்த வார்டுகளுக்கு வெளியே அனுப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்த கோபுரக் குடியிருப்புகளிலும் சில குடும்பங்களை வைத்தார்கள். 2001-இல் பிரபுக்கள் சபை இது சட்டவிரோதம் என்று உறுதி செய்தது. 2004-இல் அவர் 1.23 கோடி பவுண்டு கட்டி முடித்தார்.

வரும் முன் தடுப்பது என்ற எண்ணம் சட்டத்தில் தாமதமாகத்தான் வந்தது. 2002-இல் ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திட்டம் எழுத வேண்டும் என்றார்கள். வேல்ஸ் 2014-இல் சட்டம் போட்டு வழி காட்டியது. அதைப் பார்த்து இங்கிலாந்து 2017-இல் போட்ட சட்டம் 2018 ஏப்ரலில் அமலானது. வீடு போக 56 நாள் இருக்கும்போதே உதவ வேண்டும், முன்னுரிமைக் காரணம் தேவையில்லை. எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் கட்டத்தில் எந்த ஊர் என்று காட்டி வேறு கவுன்சிலுக்குத் தள்ள முடியாது. வீடு போன பிறகு அந்தக் கேள்வி திரும்பி வரும்.

இன்னொரு பக்கம், உள்ளூர் ஆளையே வெளியூருக்கு அனுப்புவதும் நடக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மில்டன் கீன்ஸ் பக்கம் பிளெட்ச்லியில் வீடு தந்தது. அவர் மறுத்ததும் கடமை முடிந்தது என்றது. பக்கத்தில் ஏன் கிடைக்கவில்லை என்று கவுன்சில் விளக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தற்காலிக இடங்களில் இருக்கும் குடும்பங்கள் 2025-இல் இங்கிலாந்தில் மட்டும் 1,30,000-ஐத் தாண்டிவிட்டன. எல்லாருக்கும் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?

ஸ்காட்லாந்துக்காரர்கள் துணிச்சலானவர்கள். முன்னுரிமைப் பரீட்சையை 2012 முடிவோடு எடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரில், ஊர்ச் சம்பந்தம் இல்லை என்று சொல்லி இன்னொரு கவுன்சிலுக்கு அனுப்பும் அதிகாரத்தையும் நிறுத்தி வைத்தார்கள். யார் எங்கே வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். மறு வருஷமே எடின்பரோவும் கிளாஸ்கோவும் வீட்டு நெருக்கடி என்று அறிவித்தன. பார்த்தீர்களா, கதவைத் திறந்தால் இப்படித்தான் என்கிறார்கள் சிலர். வீடு கட்டாத பாவத்தைக் கதவின் மேல் போடுகிறார்கள் என்கிறேன் நான்.