கடலில் ஏது கோடு?

இன்ஜினியரிங் முடித்துவிட்டு எழுத வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பார்கள்: "அப்போ படிச்சது வீணா?" எனக்கு இதற்கான பதில் ஜான் மாரினின் நீர்வண்ண ஓவியங்களில்தான் கிடைத்தது.

1870இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர் மாரின். கட்டட வரைபடங்கள் போட்டுப் பிழைத்தார். முறையாக ஓவியம் படிக்கப் போனபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. 1909இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1914 கோடையில் மெய்ன் மாநிலக் கடற்கரைக்குப் போன மாரின், அடுத்த வருடமே கையிலிருந்த பணத்தைப் போட்டு அங்கே ஒரு தீவை வாங்கிவிட்டார். அதில் குடிதண்ணீரே கிடையாது! ஆனாலும் அந்தக் கடற்கரையை அவர் விடவில்லை.

நீர்வண்ணம் என்றால் எண்ணெய் ஓவியத்துக்கான ஒத்திகை என்று பலரும் நினைத்த காலம். மாரின் அதிலேயே தன் பெரிய காரியங்களைச் செய்தார். 1922இல் வரைந்த 'மெய்ன் தீவுகள்' ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். தூரத்தில் தீவுகள். அவற்றைச் சுற்றி உடைந்த ஜன்னல் சட்டம் மாதிரி சில கோடுகள். கடலில் ஏது கோடு? கியூபிசத்தின் தாக்கம் என்பார்கள், சரிதான். ஆனால், வரைபலகையில் பழகிய கை அல்லவா அது! அங்கே சுவரை அளந்த கோடு, இங்கே தீவுகளைத் தள்ளி நிறுத்தி நடுவில் கடலின் தூரத்தைக் காட்டுகிறது. கோடு அதேதான்; வேலைதான் வேறு.

1936இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 1953இல், அதே மெய்ன் கடலோரத்தில் இறந்தார்.

இனி யாராவது "வீணா?" என்று கேட்டால், அந்த ஓவியத்தை அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.