வீட்டு விலை சரிந்தது 27%, குடும்பச் சொத்து கரைந்தது 39%: 2008-ல் அமெரிக்க நடுத்தர வர்க்கம் எப்படி விழுந்தது?

அமெரிக்கக் குடும்பங்களைச் சொத்து மதிப்பின்படி ஒரே வரிசையில் நிற்க வைப்பதாக வைத்துக்கொள்வோம். 2007-ல் அந்த வரிசையின் சரியான நடுவில் நின்ற குடும்பத்திடம், கடன் எல்லாம் போக மிஞ்சிய சொத்து 1,26,400 டாலர். மூன்றே ஆண்டுகளில், 2010-ல், அது 77,300 டாலர் ஆகிவிட்டது. இது அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நடத்திய கணக்கெடுப்பில் தெரியவந்தது. 39% காலி. 1990களின் தொடக்கத்தில் இருந்த இடத்துக்கே நடுத்தரக் குடும்பம் திரும்பிப் போய்விட்டது.

இத்தனைக்கும் 2006-ல் உச்சம் தொட்ட வீட்டு விலை, 2012-ல் தரைதட்டியபோது நாடு முழுக்கச் சராசரியாகச் சரிந்தது சுமார் 27% மட்டும்தான். பிறகு எப்படி சொத்து 39% குறைந்தது? பங்குச் சந்தைச் சரிவுக்கும் வேலை இழப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் எவருக்கும் அது புரியும்.

கடன் எப்படி நஷ்டத்தைப் பெருக்குகிறது?

ஒருவர் 3 லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறார். கையிலிருந்து போடுவது 10%, அதாவது 30,000. மீதி 2,70,000 வங்கிக் கடன். விலை 10% ஏறினால் அவர் போட்ட காசு இரட்டிப்பாகிறது. "வீட்டுல போட்ட பணம் வீணாப் போகாது" என்று எல்லோரும் சொல்வது இதை வைத்துத்தான்.

அதே வீடு 27% சரிந்தால் அதன் மதிப்பு 2,19,000 ஆகிறது. கடன் மட்டும் ஒரு டாலர்கூட குறையாது. அவர் போட்ட 30,000 மொத்தமும் போய், அதற்கு மேல் சுமார் 51,000 டாலர் பள்ளத்தில் நிற்கிறார். விலை இறங்கும்போது முதல் அடி முழுக்க வீட்டுக்காரருக்கு. அவர் பங்கு தீர்ந்த பிறகுதான் கடன் கொடுத்தவர் பக்கம் அடி போகும்.

அன்றைய கணக்குப்படி, நடுத்தரக் குடும்பங்களின் சொத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருந்தது குடியிருந்த வீடுதான். உச்சியில் இருந்த 1% பேருக்கு அது பத்தில் ஒரு பங்கு அளவே. அவர்களிடம் பங்குகளும் தொழில்களும் இருந்தன. ஒரே நெருக்கடி, ஆனால் இரண்டு வகை நஷ்டம். இந்தச் சமனின்மை இனவாரியாகவும் தெரிந்தது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 2005-க்கும் 2009-க்கும் இடையே நடுநிலை வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 16% குறைந்தபோது, கறுப்பினக் குடும்பத்துக்கு 53%, ஹிஸ்பானிக் குடும்பத்துக்கு 66% குறைந்தது.

குமிழி ஊதியது எப்படி?

'தி பிக் ஷார்ட்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாக. 2003-ல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 1%-க்குக் குறைத்தது. வருமானச் சான்று கேட்காமலேகூட கடன் கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டு குறைந்த தவணை, அதன்பிறகு எகிறும் வட்டி என்ற திட்டங்கள் தாராளமாக விற்றன. கடன் கொடுத்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வால் ஸ்ட்ரீட்டில் அவை மூட்டையாகக் கட்டி விற்கப்பட்டன, தர நிர்ணய நிறுவனங்கள் அதற்கு உயர்ந்த முத்திரை குத்தின. 2006-க்குள் வட்டி 5.25% ஆனது. தவணை எகிறியது, விலை நின்றது. பிறகு இறங்கியது.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 2000 முதல் 2007 வரை நடுத்தரக் குடும்பங்களின் வருமானம், விலைவாசியைக் கழித்தால், ஏறவே இல்லை என்று சொல்லலாம். கல்லூரிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஏறிக்கொண்டே போயின. அந்த இடைவெளியைப் பலர் வீட்டை வைத்தே நிரப்பினார்கள். வீட்டு மதிப்பு ஏறியதைக் காட்டி ரீஃபைனான்ஸ் செய்து, மிச்சத்தைப் பணமாக எடுத்துக்கொண்டார்கள். பேராசை என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடுவது சரியல்ல.

சாவியைக் கவரில் போட்டு அனுப்பியவர்கள்

2009 முடிவில், வீட்டுக்கடன் வைத்திருந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு வீட்டு மதிப்பைவிடக் கடன் அதிகம். விலை 60%-க்கும் மேல் சரிந்த லாஸ் வேகஸ் போன்ற நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். இப்படி மாட்டியவரால் வீட்டை விற்க முடியாது, விற்றாலும் கடன் தீராது. வேறு ஊரில் வேலை கிடைத்தாலும் கிளம்ப முடியாது. 2009 அக்டோபரில் வேலையில்லாதவர் விகிதம் 10%-ஐத் தொட்டது. வேலையும் போய், வீட்டையும் விற்க முடியாமல் நின்றவர்களின் கடைசி வழிதான் வங்கிப் பறிமுதல்.

கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், வீடு வாங்க எடுத்த கடனுக்கு அந்த வீடு மட்டுமே பொறுப்பு. அதனால் சிலர் சாவியைக் கவரில் போட்டு வங்கிக்கே அனுப்பிவிட்டு வெளியேறினார்கள். (நம்மூரில் இது செல்லாது. வங்கி வீட்டை ஏலம் விட்டும் கடன் தீராவிட்டால், மீதிக்குக் கடன் வாங்கியவரையே தேடி வரலாம்.) ஆனால் பறிமுதல் விவரம் ஏழு ஆண்டுகள் கிரெடிட் அறிக்கையில் நிற்கும். வாடகைக்கு வீடு தேடும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

அரசு காப்பாற்றவில்லையா?

வங்கிகளைக் காப்பாற்றியது. 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் சட்டமானது. குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க, திவால் சட்டத்தின் ஒரு விதி போதும். அங்கே இரண்டாவது வீடு, அதாவது விடுமுறை வீடு வைத்திருப்பவர் திவாலானால், அந்த வீட்டுக்கடனைச் சந்தை மதிப்புக்குக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது. இதை மாற்றும் மசோதா 2009 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஏப்ரல் 30 அன்று செனட்டில் 45-51 என்று தோற்றது. என் பார்வையில், நடுத்தர வர்க்கத்தின் விதியை அதிகம் தீர்மானித்தது லேமன் பிரதர்ஸ் விழுந்த நாளைவிட இந்த வாக்கெடுப்புதான்.

அசலைக் குறைக்காமல் தவணையை மட்டும் குறைக்கும் திட்டத்தையே ஒபாமா அரசு பெரிதும் நம்பியது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவும் என்றார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

2010-ல் இன்னொன்று வெளியே வந்தது. வங்கி ஊழியர்கள் பறிமுதல் ஆவணங்களைப் படிக்காமலேயே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களுடன் 2,500 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தன. கேட்க பெரிய தொகைதான். ஆனால் வீட்டை இழந்து விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் வந்த காசோலை சுமார் 1,480 டாலர்.

வீடுகள் யாரிடம் போயின?

விலை தரைதட்டிய 2012-ல் பிளாக்ஸ்டோன் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் களமிறங்கின. ஃபீனிக்ஸ், அட்லாண்டா, டாம்பா என்று அடிவாங்கிய நகரங்களில் தனி வீடுகளை வாங்கிக் குவித்தன. பிளாக்ஸ்டோன் மட்டும் சில ஆண்டுகளில் சுமார் 50,000 வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டது. சொந்த வீட்டில் வசிக்கும் குடும்பங்களின் விகிதம் 2004-ல் 69.2% என்ற உச்சத்தில் இருந்தது. 2016-ல் 62.9%.

பங்குச் சந்தை 2013 மார்ச்சிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டு விலைக்கு 2016 வரை ஆனது. மேலே இருந்தவர்கள் முதலில் மீண்டார்கள். அதோடு, வீட்டு விலை மீண்டபோது அந்த லாபம் வீட்டைத் தக்கவைத்தவருக்குத்தான். 2011-ல் வீட்டை இழந்தவருக்கு 2016-ன் விலை ஏற்றம், வாடகை ஏற்றமாகத்தான் வந்தது.

எல்லாப் பழியையும் குமிழி மேல் போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பியூ மையத்தின் கணக்கில், நடுத்தர வருமான வீடுகளில் வாழ்ந்த வயதுவந்தோர் 1971-ல் 61%, 2015-ல் 50%. அந்தச் சுருக்கம் குமிழிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. வெளியேறியவர்களில் கணிசமானோர் கீழே அல்ல, மேலே போனவர்கள். ஆனால் வருமானம் வேறு, சொத்து வேறு. வரிசையின் நடுவில் நின்ற குடும்பத்தின் சொத்து, பணவீக்கத்தைக் கழித்தால், 2019 கணக்கெடுப்பிலும் 2007 நிலையை எட்டவில்லை. 2022 கணக்கெடுப்பில்தான் அதைத் தாண்டியது. அதற்குப் பெரிய காரணம், கொரோனா காலத்தில் மறுபடியும் எகிறிய வீட்டு விலை.