சிறப்பு நாடகக் கலைஞர் சம்பளம்

சிறப்பு நாடகக் கலைஞர் சம்பளம் என்பது தமிழ்நாட்டு இசை நாடக மரபில், எந்தக் குழுவையும் சாராத நடிகர்களும் இசைக்கலைஞர்களும் ஓர் இரவு நிகழ்ச்சிக்குத் தனித்தனியே பேசிப் பெறும் தொகை ஆகும். இந்நாடகங்கள் பேச்சுவழக்கில் ஸ்பெஷல் நாடகம் என அழைக்கப்படுகின்றன. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் இவை பெரும்பாலும் கோயில் திருவிழாக்களையொட்டி நடைபெறுகின்றன.

பின்னணி

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கம்பெனிகளில் நடிகர்கள் ஒரே நிறுவனத்தில் தங்கி உணவும் ஊதியமும் பெற்றனர். சிறப்பு நாடகத்தில் அத்தகைய நிறுவனம் கிடையாது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த கலைஞர்கள் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் இத்தகைய மேடைகளில் புகழ்பெற்றவர்கள். கலைஞர்களுக்கான நடிகர் சங்கம் 1923-இல் மதுரையில் தோற்றுவிக்கப்பட்டது.

பேசி முடிக்கும் முறை

ஊர் விழாக்குழுவினர் வீடுதோறும் திரட்டும் வரியிலிருந்தோ, ஒருவர் அளிக்கும் உபயத்திலிருந்தோ நாடகச் செலவைச் செய்கின்றனர். அவர்கள் நேரடியாகவோ நாடக ஏஜெண்டு வழியாகவோ கலைஞரை அணுகுவர். நாடகம், வேடம், தேதி, தொகை ஆகியவை முடிவானதும் முன்பணம் கொடுக்கப்படும். பின்னர் கலைஞர்களின் படங்களுடன் நோட்டீசு அச்சிடப்படும். மீதித்தொகை நாடக நாளில் வழங்கப்படும்.

தொகையைத் தீர்மானிக்கும் காரணிகள்

1. வேடம்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனம், பின்பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை பேசப்படுகின்றது.
2. பெயர்: நோட்டீசில் எவருடைய படத்தைக் கண்டு கூட்டம் சேருகின்றதோ அவர் கூடுதலாகக் கேட்க முடிகின்றது.
3. பருவம்: பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக்கள் மிகுதி. ஒரே தேதிக்குப் பல ஊர்கள் போட்டியிடும்போது தொகை உயர்கின்றது. மழைக்காலத்தில் வாய்ப்புகள் குறைகின்றன.
4. செலவு: உடை, ஒப்பனைப் பொருட்கள், பயணம் ஆகியவை வழக்கமாகக் கலைஞரின் பொறுப்பாகும். பெண் கலைஞர்கள் பலர் இரவில் பேருந்து நிலையத்தில் காத்திருப்பதைத் தவிர்க்க வேன் அமர்த்திக்கொள்வதால் அவர்களது செலவு கூடுகின்றது.

தொகைக்கான நியாயம்

"ஓர் இரவுக்கு இவ்வளவா?" என்பது விழாக்குழுவினர் எழுப்பும் பொதுவான கேள்வி. ஓர் இரவின் சம்பளம் ஓர் இரவின் உழைப்புக்கு மட்டும் உரியதன்று. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம் (எண்கள் விளக்கத்திற்கு மட்டுமே). ஒரு கலைஞருக்கு ஆண்டில் 70 நாடகங்கள் கிடைக்கின்றன எனவும், குடும்பச் செலவு ஆண்டுக்கு 2,10,000 ரூபாய் எனவும் கொள்வோம். ஒரு நாடகத்திற்கு 3,000 ரூபாய் அவர் கையில் மிஞ்ச வேண்டும். பயணத்திற்கும் உடைக்கும் 800 ரூபாய் சேர்த்தால் 3,800 ரூபாய் ஆகின்றது. அதாவது ஓர் இரவின் வருவாய் ஐந்து நாட்களுக்கு மேல் குடும்பத்தைத் தாங்க வேண்டும். தொகையை 3,000 ரூபாயாகக் குறைத்துக் கேட்டால், ஆண்டுக்கு 56,000 ரூபாய் பற்றாக்குறை ஏற்படும்.

மேலும், இந்நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில் சந்திக்கும் கலைஞர்கள் வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா போன்ற நாடகங்களின் பாடல்களை மனப்பாடமாகப் பாடி, தர்க்கத்தை அவ்விடத்திலேயே அமைத்து, விடியும் வரை நடத்துகின்றனர். பல ஆண்டுப் பயிற்சியே ஒத்திகையின் இடத்தை நிரப்புகின்றது. அப்பயிற்சிக்கு ஊதியம் பெறும் வழி இச்சம்பளம் ஒன்றே.

மேடையில் பார்வையாளர் அளிக்கும் அன்பளிப்பு உறுதியற்றது. ஆகவே அதனைச் சம்பளத்தில் கழித்துப் பேசுவது கலைஞருக்கு இழப்பாகவே முடியும்.

சிக்கல்கள்

மழையாலோ காவல்துறை அனுமதி மறுப்பாலோ நாடகம் நின்றால் முன்பணம் யாருக்கு என்பது அடிக்கடி எழும் பிணக்கு ஆகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதால், விடிய விடிய நடைபெறும் இக்கலைக்கு இச்சிக்கல் கூடுதலாக உண்டு. வாய்மொழி ஒப்பந்தத்தில் இதனைச் சொல்லாமல் விட்டால் தேதியை ஒதுக்கி வைத்த கலைஞரே இழப்பை ஏற்க நேரிடுகின்றது. அதே தேதிக்கு வந்த வேறு ஊரை அவர் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருப்பார்.

2020 மார்ச்சு இறுதியில் தொடங்கிய கொரோனா ஊரடங்கு, பங்குனி முதலான பருவம் முழுவதையும் நிறுத்தியது. 2021 ஏப்ரலில் திருவிழாக்களுக்கு மீண்டும் தடை விதிக்கப்பட்டது. ஆண்டு வருவாயைச் சில மாதங்களில் ஈட்டும் கலைஞர்களுக்கு இது அடுத்தடுத்து இரு ஆண்டுகளின் இழப்பாக அமைந்தது.

இவற்றையும் பார்க்க

இசை நாடகம்
சங்கரதாசு சுவாமிகள்
தெருக்கூத்து