கடலூரின் காலனிய வரலாறு யார் கையில் இருக்கிறது? 1911-ல் புதுச்சேரியில் தொடங்கிய ஒரு சின்ன ஆய்வுச் சங்கத்தின் கதை

கடலூரில் பஸ் ஏறினால் புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இன்றைக்கு காலேஜ், வேலை, ஆஸ்பத்திரி என்று தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வரும் பாதை அது. ஆனால் 18-ம் நூற்றாண்டில் இந்த இரண்டு ஊரும் எதிரெதிர் முகாம்கள். இங்கே ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை, அங்கே பிரெஞ்சுக்காரர்களின் தலைமையிடம். 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த அளவுக்கு, இந்தச் சின்ன தூரத்துக்குள் இரண்டு ஆட்சிகள் இருந்தன.

சரி, அந்தக் காலத்தில் இங்கே என்ன நடந்தது என்று ஒரு கடலூர்க்காரர் தேடிப் போனால் எங்கே போவது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், 1911-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட ஒரு சிறிய ஆய்வுச் சங்கத்தில் போய் நிற்போம். அது என்ன செய்தது, எதை விட்டுவிட்டது, இன்றைக்கு நமக்கு எப்படிப் பயன்படும்? முழு விவரம் இதோ.

முதலில், கடலூருக்கு அப்படி என்ன காலனிய வரலாறு?

தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனித் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை முடிவு செய்த விதம்தான் வேடிக்கை. கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட வேண்டும், குண்டு விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. சென்னையில் இருந்து அதற்காகவே பீரங்கி கொண்டுவந்து எல்லா திசையிலும் சுட்டார்கள். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று அழைக்கப்பட்டன.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரைக்கும் இதுதான் நிலைமை. சென்னையில் இருந்து தப்பி வந்த ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தா சேர்ந்ததும் இந்தக் கோட்டையில்தான். பின்னாளில் 1756-ல் இதே கோட்டைக்கு அவர் கவர்னராகவும் ஆனார்.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர்கள் அந்த நகரத்தை அதேபோல இடித்தார்கள். சிதம்பரமும் தப்பவில்லை. கர்நாடகப் போர்களின்போது நடராஜர் கோயிலின் உயர்ந்த மதில்களைப் படைகள் கோட்டையாகவே பயன்படுத்தின. 1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அந்தக் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். அடுத்த சில நாட்களில், ஜூலை 1 அன்று, பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு பெரிய போர் நடந்தது.

இரண்டு ஊரும் இடிந்துபோனால் ஆவணங்கள் மட்டும் எப்படித் தப்பின?

இதற்குக் காரணம் கம்பெனிகளின் எழுத்து வழக்கம். கோட்டையில் கவுன்சில் கூடினால் யார் வந்தார், என்ன பேசினார், என்ன முடிவு என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதியே ஆக வேண்டும். லண்டனுக்கோ பாரிஸுக்கோ கடிதம் போனால் ஒரே கடிதத்துக்குக் கூடுதல் நகல்களும் எடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரும் என்ற கணக்கு. அதனால் இங்கே கட்டடம் இடிந்தும், காகிதம் அங்கே பிழைத்துக் கிடந்தது.

ஆனால் பிழைத்துக் கிடப்பது ஒன்று, யாராவது படிக்க முடிவது இன்னொன்று. பட்டியல் இல்லாத ஆவணக் கட்டு, இருந்தும் இல்லாத மாதிரிதான்.

1911-ல் என்ன நடந்தது?

பிரெஞ்சிந்தியாவின் கவர்னராக இருந்த ஆல்ஃப்ரெட் மார்த்தினோ, புதுச்சேரியில் 'பிரெஞ்சிந்திய வரலாற்றுச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய பல்கலைக்கழகம் எல்லாம் இல்லை. நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றில் ஆர்வம் வைத்திருந்தவர்கள், பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர். அவ்வளவுதான்.

அவர்கள் செய்த வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

- பதிப்பு: புதுச்சேரியின் உயர் கவுன்சில் நடவடிக்கைக் குறிப்புகள் 1701-ல் இருந்து தொடங்கி அச்சில் வந்தன. பாரிஸில் இருந்த கம்பெனிக்கும் புதுச்சேரிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தும் தொகுதிகளாக வந்தது.
- பட்டியல்: எட்மோன் கொதார் என்பவர் பழைய ஆவணங்கள் ஒவ்வொன்றுக்கும் தேதி, பொருள் குறித்து 1922 முதல் பல தொகுதிகளாக அட்டவணை வெளியிட்டார்.
- ஆய்வு: சங்கத்துக்கென்று ஒரு வரலாற்று இதழ் நடந்தது. மார்த்தினோ இந்த ஆவணங்களை வைத்தே துய்ப்ளெக்ஸ் பற்றி நான்கு தொகுதி நூல் எழுதினார்.

இதில் பலரும் கண்டுகொள்ளாத, ஆனால் பெரிய வேலை இரண்டாவதுதான். 1954-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு பழைய ஆவணங்களில் ஒரு பகுதி பிரான்ஸுக்குப் போனது. இன்றைக்கு அவை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள வெளிநாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூலம் கடல் தாண்டிப் போனாலும் 'இப்படி ஒரு கடிதம் இருந்தது' என்று இங்கே உட்கார்ந்தே தெரிந்துகொள்ள முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த அட்டவணை.

கடலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு உதாரணம் பார்ப்போம். 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன், புனித டேவிட் கோட்டையைத் தளமாக வைத்துக்கொண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டார். மழைக்காலம் நெருங்கியதும் அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். இந்த ஒரே சம்பவத்துக்கு மூன்று சாட்சிகள் உண்டு.

ஒன்று, ஆங்கிலேயக் கவுன்சிலின் குறிப்புகள். இரண்டு, புதுச்சேரி கவுன்சிலின் பிரெஞ்சுக் கடிதங்கள். மூன்று, துய்ப்ளெக்ஸின் தலைமை துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. ஆங்கிலேயர் எழுதியதை மட்டும் படித்தால் ஒரு கதை, பிரெஞ்சுக்காரர் எழுதியதை மட்டும் படித்தால் இன்னொரு கதை. ஊருக்குள் அரிசி விலை, வதந்தி, யார் யாரோடு சண்டை என்பதற்கெல்லாம் பிள்ளையிடம்தான் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1752 வரைக்கும் ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். வித்தியாசம் 11 நாள். அதாவது, ஒரே நாளில் நடந்த விஷயத்துக்கு கடலூர் ஆவணத்தில் ஒரு தேதி, புதுச்சேரி ஆவணத்தில் 11 நாள் தள்ளி இன்னொரு தேதி! பிள்ளையோ தமிழ் வருஷக் கணக்கும் சேர்த்து எழுதுகிறவர். அவருக்கு அந்த முற்றுகை விபவ வருஷம் ஆவணி, புரட்டாசி. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆள் இல்லையென்றால் வரலாறு குழம்பிப் போகும். சின்ன ஆய்வு மையங்கள் வேண்டியிருப்பது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு நமக்கு எப்படிக் கிடைத்தது?

1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரைக்கும், சுமார் 25 வருஷ நாட்குறிப்பு அது. எழுதியவர் இறந்த சில நாட்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போனது. அதன்பின் 85 ஆண்டுகள் அதை வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1846-ல் புதுச்சேரியைச் சேர்ந்த கலுவா மோம்பிரேன் அதைக் கண்டெடுத்து நகல் எடுக்க வைத்தார். அரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி எடுத்த நகல் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது.

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம். சென்னை அரசு இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904-ல் தொடங்கி 1928-ல் 12 தொகுதிகளாக முடித்துவிட்டது. ஆனால் தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1948-ல். தமிழில் எழுதிய ஒரு நூலை ஆங்கிலத்தில் படித்தவர்கள் தமிழில் படித்தவர்களைவிட 44 வருஷம் முந்திக்கொண்டார்கள். மு.ராஜேந்திரனும் அ.வெண்ணிலாவும் பதிப்பித்து 12 தொகுதிகளாக முழுமையாகத் தமிழில் வந்தது 2019-ல்.

அப்போ அந்தச் சங்கம் செய்தது எல்லாமே சரியா?

அப்படியும் சொல்ல முடியாது. தொடங்கியவரே கவர்னர். எதை அச்சிடுவது என்ற தேர்விலேயே ஆட்சியாளர் பார்வை இருந்தது. கவுன்சில் முடிவுகள், கவர்னர் கடிதங்கள், போர்கள் முன்னால் வந்தன. துணி நெய்து கொடுத்த நெசவாளி, அலையில் படகு தள்ளியவர், கப்பல் ஏற்றி அனுப்பப்பட்ட கூலிகள் எல்லாம் ஓரத்தில் ஒரு வரியாக வருவார்கள், அதுவும் கணக்கில் பிரச்சினை வந்தால்தான். அச்சில் வந்த தொகுதிகள் பிரெஞ்சு மொழியில் இருப்பதால் நம் ஊர் மாணவர்களில் மிகச் சிலரால்தான் நேரடியாகப் படிக்க முடிகிறது.

இந்தக் குறையை வேறு விதமாகச் சரிசெய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தமிழக கிராமங்களின் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களையும், 1650 முதல் 1950 வரையிலான விவசாய வரலாற்று ஆவணங்களையும் டிஜிட்டல் படமாக்கும் திட்டங்களை நடத்தியது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் இதற்கு நிதி கொடுத்தது. கவர்னர் மாளிகைக் காகிதத்தோடு வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஓலையும் பத்திரமும் வரலாறுதான் என்பது இந்த வேலையின் அடிப்படை.

இது ஏன் இப்போது முக்கியம்?

கடலூர் கடலோரத்து ஊர். 2004-ல் சுனாமி தேவனாம்பட்டினத்தைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2015-ல் பெருவெள்ளம். கூரை பறக்கும்போது யாரும் பழைய பெட்டியைத் தேடிப் போக மாட்டார்கள், போகவும் முடியாது. லண்டனில் இருக்கும் கம்பெனிக் கடிதத்துக்கு இன்னொரு நகல் இருக்கும். பரங்கிப்பேட்டை வியாபாரியின் கணக்குப் புத்தகத்துக்கும் குண்டு கிராமத்துக் குடும்பத்தின் நிலப் பத்திரத்துக்கும் நகல் கிடையாது. ஒரு தடவை போனால் போனதுதான்.

நீங்கள் தேட விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

- தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்: ஆங்கிலேயக் கம்பெனி ஆவணங்கள், பழைய தென்னாற்காடு மாவட்ட ஆவணங்கள். புனித டேவிட் கோட்டைக் கவுன்சில் குறிப்புகளில் ஒரு பகுதி அச்சு நூலாகவும் வந்திருக்கிறது.
- தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம், ஜீவானந்தபுரம்: பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்கள்.
- புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன நூலகம்: தென்னிந்திய வரலாறு பற்றிய நூல்கள், படத் தொகுப்புகள்.
- வீட்டில் இருந்தே: கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேடு (1878), பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் (1906), ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலத் தொகுதிகள் ஆகியவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தேடும்போது ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். பரங்கிப்பேட்டை ஆவணங்களில் 'போர்ட்டோ நோவோ', தேவனாம்பட்டினம் 'தெக்னாபட்டம்', சிதம்பரம் 'சில்லம்ப்ரம்' என்றெல்லாம் இருக்கும். 'பகோடா' என்று வந்தால் அது கோயிலா, வராகன் நாணயமா என்று வரியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் பழைய பத்திரம், ஓலைச்சுவடி இருந்தால்?

லேமினேஷன் செய்யாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் அந்தப் பசையே எழுத்தைத் தின்றுவிடும். வெளிச்சமான இடத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாக போட்டோ எடுங்கள். யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். ஒரு நகல் வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். கம்பெனிக்காரர்கள் வேறு வேறு கப்பலில் கடிதம் அனுப்பியதும் இதே யோசனையில்தான்.

மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. படிக்கத் தெரிந்த ஆய்வாளரிடம் படத்தைக் காட்டினாலே போதும். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால், கொதார் செய்த வேலையை உங்கள் வீட்டளவில் நீங்களே செய்ததாக அர்த்தம்.