ஓலையைவிட விரைவில் அழியும் தாள்

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் வார இதழில் ஒரு தொடர் வெளிவரலாயிற்று. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அது. 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாமலே நின்ற அத்தொடர், நூல் வடிவம் பெற்றது 1950இல்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அதனைப் படித்தவர்க்கெல்லாம் அந்த வார இதழ்த் தாள்களே நூலாக இருந்தன.

தமிழ்ச் சமணர் வரலாற்றில் அத்தாள்களுக்குத் தனியிடம் உண்டு. 1880ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது இளைஞராகக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியேற்ற ஐயர், சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காமல் மயங்கி நின்றதும், அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் தெளிந்ததும், ஓர் இல்லத்தில் சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்திய நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டதைக் கண்டு வியந்ததும் அத்தொடரில் அவராலேயே சொல்லப்பட்டவை. 1887இல் சிந்தாமணி அச்சேறியதன் பின்னணியில் சமணக் குடும்பங்களின் கல்வி நின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

அக்காலத்தில் தொடர்களை வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருந்தது. நூல் கிடைத்துவிட்டதே, இனி அந்தப் பழந்தாள் எதற்கு என்று பின்வந்தோர் அதனை எடைக்குப் போட்டனர். நூலில் இல்லாதவை அத்தாளில் இருந்தன. ஓர் அத்தியாயத்தின் மறுபக்கத்தில் அவ்வாரத்துப் போர்ச் செய்தியோ, சோப்பு விளம்பரமோ, வாசகர் கடிதமோ இருந்திருக்கும். அந்தக் காலத்து மக்கள் எதனிடையே ஐயரின் வரலாற்றைப் படித்தனர் என்பதைக் காட்ட அவை அல்லாமல் வேறு வழியில்லை.

ஓலையைக் காக்கத் தெரிந்த தமிழர்க்குத் தாளைக் காக்கும் பழக்கம் ஏன் வரவில்லை? ஓலைச்சுவடி ஒன்றே ஒன்றாக இருந்தது. எனவே அதற்கு எண்ணெய் பூசினர், துணியில் பொதிந்தனர், பழுதானால் படியெடுத்தனர். சுருத பஞ்சமி நாளில் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் புதுத்துணி சுற்றி வழிபடும் சமண மரபு, பக்தியோடு பராமரிப்பையும் கலந்து வைத்த ஏற்பாடு. அச்சோ ஆயிரம் படிகளைத் தந்தது. ஆயிரத்தில் ஒன்று எங்கேனும் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பியதால் எவரும் வைத்துக்கொள்ளவில்லை. கொல்லத்தில் 1578இல் தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலுக்கு இன்று அறியப்படுவது ஒரே படிதான். அதுவும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது.

தாளின் இயல்பும் இதற்குத் துணைபோயிற்று. கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த பழங்காகிதம் நெடுங்காலம் நிற்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்க் காகிதம் பரவியது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுக்கிறது. காகிதத்தில் தங்கிய அமிலம் நார்களைத் தின்கிறது. செய்தித்தாள் இவ்வகையில் மிகவும் மலிவானது. 1840ஆம் ஆண்டு நூல் மடங்கிக் கொடுக்க, 1940ஆம் ஆண்டு இதழ் விரல் பட்டதும் அப்பளம்போல் நொறுங்குவதன் காரணம் இதுவே.

இழப்பின் அளவைப் பாரதியாரைக் கொண்டு அறியலாம். அவருடைய எழுத்தில் பெரும்பகுதி நாளிதழ், வார இதழ்களுக்காகவே எழுதப்பட்டது. 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்குச் சென்று, 1910இல் நின்றுபோன 'இந்தியா' இதழின் முழுத் தொகுதி கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் ஊர் ஊராக அலைந்து தேடிச் சேர்த்தனர். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளும் இத்தேடலில் உதவின. தமிழ்க் கவிஞரின் உரைநடையை ஆங்கிலேயரின் உளவுத்தாளில் தேட நேர்ந்தது!

ஓரிடத்தில் மட்டும் சேர்த்து வைப்பதும் போதாது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையே 1889இல் சமணக் காப்பியமாகிய சூளாமணியை அச்சேற்றியவர். அந்த யாழ்ப்பாணத்தின் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் அந்நாட்களிலேயே தீக்கிரையாயிற்று.

காத்தவர் கதையும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிறுவ உதவியது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் இன்று அந்நூலகத்தைக் கேட்காமல் எழுதுவதில்லை.

பழந்தாள் வைத்திருக்கும் இல்லத்தார்க்குச் சில செய்திகள் பயன்படும். ஓலைக்குப் பூசும் எண்ணெயைத் தாளுக்குப் பூசலாகாது. கிழிசலைச் செலோடேப்பால் ஒட்டினால் அதன் பசை பழுப்பேறி எழுத்தையே அழிக்கும். லேமினேஷன் செய்த தாளைப் பின்னர் மீட்க இயலாது. குண்டூசியையும் பின்களையும் நீக்கிவிட வேண்டும். துரு தாளை அரிக்கும். இதழ்களை மடிக்காமல் படுக்கையாக அடுக்கி, துவைத்த பருத்தித் துணியில் பொதிந்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தல் நன்று. பக்கங்களைப் படமெடுத்து இரண்டு இடங்களில் வைத்தபின்னும் மூலத்தை எறியக்கூடாது. நறுக்கி வைத்த செய்தித் துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதழின் பெயரும் தேதியும் இல்லாமையால் அவை பாதிப் பயனை இழந்துள்ளன. தெரிந்தவர் இருக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கலாம்.

நூல்களைவிடவும் முதலில் தேட வேண்டியவை சிறு தாள்களே. பஞ்ச கல்யாண விழா அழைப்பிதழ், ஊர்க் கோயில் திருப்பணி வேண்டுகோள், நோன்பு நிறைவில் வழங்கிய பாட்டுப் புத்தகம், பழைய விழா மலர் ஆகியவற்றை நூலகங்கள் விலைக்கு வாங்குவது அரிது. அவை இருந்தால், மச்சிலுள்ள தகரப் பெட்டியின் அடியில்தான் இருக்கும்.